நீலச் சுவரின் கணக்கு

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லீத் தெரு 14ஆம் எண் வீட்டில் 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள் உள்ளன. வகுத்தால் அறைக்கு 5.8 சன்னல், முற்றத்துக்கு 7.6 அறை. சீன வணிகர் சியோங் பாட் ட்சே (1840–1916) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய இந்த வீட்டை ஊர் இன்று நீல மாளிகை என்கிறது. வீட்டுக்குப் பெயர் கொடுத்தது சுவரின் நிறம். சன்னல்கள் 220 இருந்தும் பெயரில் இடம்பெறவில்லை. அறையின் குணத்தை நிறம் எவ்வளவு மாற்றுகிறது, சன்னல் எவ்வளவு மாற்றுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க இந்த வீடு வசதியானது.

முதலில் சரக்கு. அந்தச் சுவரின் நீலம் சுண்ணாம்பில் கலந்த அவுரிச் சாயம். 1897இல் உலகில் செடியிலிருந்து எடுத்த அவுரிச் சாயம் சுமார் 19,000 டன். அதற்கான சாகுபடிப் பரப்பு சுமார் 7,000 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி இந்தியாவில். அதே 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1914இல் செடிச் சாயத்தின் உற்பத்தி சுமார் 1,000 டன். 17 ஆண்டுகளில் வீழ்ச்சி 94.7 சதவீதம். சியோங்கின் வீடு எழுந்ததும் அவுரி வயல்கள் வீழ்ந்ததும் ஏறத்தாழ ஒரே காலம்.

19,000 டன்னை 7,00,000 எக்டேரால் வகுத்தால் எக்டேருக்கு 27 கிலோ. ஜார்ஜ் டவுனின் உலகப் பாரம்பரிய மையப் பகுதி 109.38 எக்டேர். கடை, கோயில், பள்ளிவாசல், வீடு எல்லாவற்றையும் அகற்றிவிட்டு அத்தனை நிலத்திலும் அவுரி விதைத்தாலும், 1897ஆம் ஆண்டின் விளைச்சல் விகிதத்தில் கிடைப்பது ஆண்டுக்கு 2.97 டன். ஒரு நகர மையத்தின் மொத்தப் பரப்பும் மூன்று டன் நீலத்துக்குச் சமம். நிறம் அன்று எதனால் அந்தஸ்தாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சுண்ணாம்பில் எவ்வளவு சாயம் போடலாம் என்பதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. உலர்ந்த சுண்ணாம்பின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சு பிடிக்காது, கையோடு உதிரும் என்பது வேலை தெரிந்தவர்களின் பொது விதி. 10 கிலோ சுண்ணாம்புக்கு 1 கிலோ சாயம் உச்சம். தமிழ்நாட்டு வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வாளிக்கு ஒரு சிட்டிகை நீலம் போடுவது வழக்கம். அது மஞ்சள் சாயலை மறைத்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கு. அந்தச் சலவை நீலம் அவுரி அல்ல, அல்ட்ராமரீன் என்னும் வேறு பொருள். ஒரே சுண்ணாம்புதான். தமிழ்நாட்டில் அதில் சிட்டிகைக் கணக்கில் விழுந்த நீலம் பினாங்கில் கிலோக் கணக்கில் விழுந்தது. அளவு ஏறியதும் வெள்ளைக்கு உதவிய நிறம் வெள்ளையையே விழுங்கிவிட்டது.

சுண்ணாம்புக்குத் தனிக் கணக்கு உண்டு. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு போய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் 18 கிலோ நீர் சேர்ந்து நீறினால் 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசிய பின் அது காற்றிலிருந்து 44 கிலோ வாயுவைத் திரும்ப வாங்கி, 18 கிலோ நீரை வெளியே விட்டு, மறுபடியும் 100 கிலோ கல்லாகிறது. பூசியபோது இருந்ததைவிட 26 கிலோ கூடுதல். சாயம் அந்தக் கல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. மேலே ஒட்டிய தோலாக இல்லாமல் சுவரின் பகுதியாகவே நிறம் நிற்பது இதனால்தான். இந்த வட்டாரத்துக்குச் சுண்ணாம்பு வேலையில் தமிழ்நாட்டோடு உறவும் உண்டு. சிங்கப்பூரில் 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் பூச்சு ‘மெட்ராஸ் சுண்ணம்’. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் கலந்து அரைத்தது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள்.

பினாங்கின் ஆண்டு மழை சுமார் 2,400 மில்லிமீட்டர். சென்னையின் சராசரி சுமார் 1,400. வேறுபாடு 71 சதவீதம். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் பெயின்ட் பெருமளவு தடுக்கும். தடுத்த ஈரம் உப்போடு சேர்ந்து பூச்சைக் கொப்பளமாகத் தள்ளும். சுண்ணாம்பு நீலம் மங்கும், அடிக்கடி பூச வேண்டும். எமல்ஷன் நீலம் மங்காது, உரியும். செலவைச் சதுர அடிக்கு இத்தனை ரிங்கிட் என்று ஒப்பிடுபவர்கள் முதல் ஆண்டின் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். பத்தாம் ஆண்டில் சுரண்டி எடுக்கும் கூலி அந்தப் பட்டியலில் வருவதில்லை.

அதே மழையை வீட்டுக்குள் அழைக்கும் ஏற்பாடும் உண்டு. 10 அடிக்கு 10 அடி திறந்த முற்றம் 9.29 சதுர மீட்டர். 2,400 மில்லிமீட்டர் மழையில் அதற்குள் நேராக விழுவது ஆண்டுக்கு 22,300 லிட்டர், நாளுக்கு 61 லிட்டர். சென்னை மழையில் நாளுக்கு 36 லிட்டர். சீன வழக்கில் முற்றத்தில் சேரும் நீர் செல்வம். கட்டடக் கணக்கில் அது குளிர்ச்சியும் ஈரமும். காரைக்குடி வீட்டின் வளவில் நின்றவருக்கு இரண்டும் ஒன்றே என்பது தெரியும்.

இனி வெளிச்சம். வெயில் நேராக விழும் வெளிச்சுவரில் 1,00,000 லக்ஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது வெள்ளைச் சுண்ணாம்பு அதில் 80 சதவீதத்தைத் திருப்பும் என்றும், அடர் அவுரி நீலம் 20 சதவீதத்தைத் திருப்பும் என்றும் கொள்வோம். வெள்ளைச் சுவரின் பிரகாசம் சதுர மீட்டருக்கு சுமார் 25,500 கேண்டலா. நீலச் சுவரில் 6,400. கண் கூச்சம் நான்கில் ஒரு பங்காகிறது. நீலத்தைக் ‘குளிர்ந்த நிறம்’ என்கிறோம். வெளிச்சுவரைப் பொறுத்தவரை கண்ணுக்கு அது உண்மை. சுவருக்கு உண்மையல்ல: திருப்பாத ஒளி செங்கல்லுக்குள் வெப்பமாக இறங்குகிறது.

அறைக்குள் கணக்கு வேறு மாதிரி. 12 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம் உள்ள ஓர் அறை. நான்கு சுவர், தரை, கூரை ஆகிய ஆறு முகங்களும் 144 சதுர அடி. உள்ளே வரும் ஒளி முகத்திலிருந்து முகத்துக்குத் துள்ளிக்கொண்டே இருக்கும். சராசரித் திருப்பு விகிதத்தை 1இலிருந்து கழித்து, கிடைத்ததால் 1ஐ வகுத்தால் ஒளி எத்தனை மடங்காகிறது என்று தெரியும். மரக் கூரை 0.20, செம்மண் ஓட்டுத் தரை 0.25 என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் வெள்ளை (0.80) என்றால் சராசரி 0.608, மடங்கு 2.55. நான்கும் நீலம் (0.20) என்றால் சராசரி 0.208, மடங்கு 1.26. அதே சன்னல், அதே வானம். அறையின் வெளிச்சம் 50.5 சதவீதம் குறைகிறது.

கவனிக்க வேண்டியது இடைநிலை. ஒரு சுவர் மட்டும் நீலமானால் மடங்கு 2.03. இரண்டானால் 1.69, மூன்றானால் 1.45, நான்கானால் 1.26. முதல் சுவர் எடுத்துக்கொள்வது 0.52, நான்காம் சுவர் எடுப்பது 0.18. மொத்த இழப்பில் 40 சதவீதம் முதல் சுவரிலேயே போய்விடுகிறது. ‘ஒரே ஒரு சுவரை மட்டும் அழுத்தமாக அடியுங்கள், அறை இருட்டாகாது’ என்று சொல்லும் அலங்கார ஆலோசகர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒற்றைச் சுவர்தான் விலை கூடிய சுவர். அதைத் தாங்கிக்கொண்டவருக்கு அடுத்த மூன்றும் மலிவு.

கூரையையும் இதே கணக்கில் வைக்கலாம். நான்கு நீலச் சுவர்களோடு மரக் கூரைக்கு வெள்ளையடித்தால் மடங்கு 1.26இலிருந்து 1.45 ஆகிறது, 14.5 சதவீதம் கூடுதல். மூன்று சுவர் நீலமாக இருந்த நிலைக்கு இது சரிசமம். சுவரை வெள்ளையாக விட்டாலும் கூரையை வெள்ளையாக்கினாலும் பரப்பு ஒன்றானால் ஆதாயம் ஒன்று. உண்மையான அறையில் சன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடுதல் ஒளி வாங்கும் என்பதால் இந்த எண்கள் சற்று நகரும். வரிசை பெரும்பாலும் மாறாது.

ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் நிறத்தைச் சுமந்தவை ஓடுகள். வீட்டு முகப்பில் காக்கி லீமா எனப்படும் ஐந்தடி நடைபாதை, அதாவது 1.52 மீட்டர் அகலம். 20 அடி முகப்புள்ள கடைவீட்டின் நடைபாதை 100 சதுர அடி. 8 அங்குலப் பூவேலைச் சிமெண்ட் ஓடு போட்டால் 225 ஓடு. சன்னலுக்குக் கீழே 3 அடி உயரத்தில் 10 அடி நீளச் சுவருக்கு 6 அங்குல மஜோலிகா ஓடு பதித்தால் 120. இங்கிலாந்திலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் வந்த அதே வகை ஓடுகளைச் செட்டிநாட்டு வீடுகளிலும் பார்க்கலாம். இந்த இடத்தில் நிறத்துக்கு ஒளிச் செலவு குறைவு: 120 ஓடு என்பது 30 சதுர அடி, மேலே சொன்ன அறையின் ஒரு சுவரில் 21 சதவீதம். கண்ணின் மட்டத்துக்குக் கீழே, கால் தேய்க்கும், மழை தெறிக்கும் உயரத்தில் நிறத்தைக் கெட்டியாக வைத்துவிட்டு மேலே வெளிறிய சுண்ணாம்பை விட்டிருக்கிறார்கள். யார் யோசித்த விகிதம் என்று தெரியாவிட்டாலும் கணக்கு சுத்தமாக இருக்கிறது.

மனநிலைக்கு எண் கொடுப்பது கடினம். மலாய் மண்ணில் தலைமுறைகளாக வேரூன்றிய சீனர்களான பெரனாக்கான்களின் வீடுகளில் கலியாணத்துக்கும் விழாவுக்கும் எடுத்தவை இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் பூசிய நோன்யா பீங்கான்கள். துக்கத்துக்கு நீலமும் வெள்ளையும். அதே ஊரில் லீத் தெருவில் செல்வத்தின் நிறம் நீலம். சர்ச் தெருவில், செல்வந்தர் சுங் கெங் குவீயின் வீடாக இருந்து இன்று பெரனாக்கான் மாளிகை எனப்படும் கட்டடத்துக்குப் பச்சை. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது, அதன் 23.5 அடி கோபுரத்தில் 38 சிலைகள், சிலைக்குச் சிலை வேறு வண்ணம். சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் அமைதி தரும் என்ற பட்டியல்களை 109.38 எக்டேருக்குள் ஒரு சுற்று நடந்தவர் முழுதாக நம்ப மாட்டார். நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பது ஊருக்கு ஊர் மாறாது. அது துக்கமா, செல்வமா என்பது தெருவுக்குத் தெரு மாறுகிறது.

பராமரிப்புக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதற்கும் எண்கள் உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 சனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தியது. பினாங்கில் 12,000க்கும் மேற்பட்ட இடங்கள் அதன் கீழ் இருந்தன. 2000 சனவரி 1இல் கட்டுப்பாடு முடிந்தது. 34 ஆண்டுகள் குறைந்த வாடகை குடியிருந்தவர்களை ஊருக்குள் வைத்திருந்தது. சுவர்களைப் பூசாமலும் வைத்திருந்தது. 2008 சூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. மொத்த மையப் பரப்பு 154.68 எக்டேர், அதில் ஜார்ஜ் டவுனின் பங்கு 70.7 சதவீதம். பழங்கட்டடச் சீரமைப்புக்கு 2009இல் திங்க் சிட்டி நிறுவனம் வழியாக ஒதுக்கிய மானியம் 2 கோடி ரிங்கிட். மையப் பகுதியில் 1,700க்கு மேற்பட்ட பழங்கட்டடங்கள் இருப்பதால் சமமாகப் பிரித்தால் கட்டடத்துக்கு 11,765 ரிங்கிட்டுக்கும் குறைவு. மானியம் அப்படிச் சமமாகப் பிரிக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு கூரை ஒழுகலுக்கு எதிரில் அந்தத் தொகையின் அளவு புரியும். பாரம்பரியப் பகுதியில் குடியிருந்தோர் 2009இல் சுமார் 10,200 பேர், 2013இல் சுமார் 9,400. நான்கு ஆண்டில் 8 சதவீதம் குறைவு. சுவர்கள் பளிச்சிட்ட அதே ஆண்டுகளில் சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் குறைந்தார்கள். ஒன்று மற்றதால் வந்தது என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

சியோங் இறந்து 73 ஆண்டுகள் கழித்து, 1989இல், ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நீல மாளிகையை வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ. சீரமைப்புக்கு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. சுவருக்குத் திரும்பவும் சுண்ணாம்பும் நீலமும்தான் பூசினார்கள். இப்போது அது தங்கும் விடுதி.

விருந்தினர் நண்பகலில் வந்து சேர்ந்ததும் வெயிலுக்குப் பயந்து மரச் சன்னல்களை இழுத்து மூடுவது வழக்கம். முன்னே சொன்ன 12 அடி வெள்ளை அறையில் சன்னல்களில் பாதியை மூடினால் வெளிச்சம் 50 சதவீதம் குறையும். நான்கு சுவரையும் நீலமாக்கினால் குறைவது 50.5 சதவீதம். சன்னலை மாலை நான்கு மணிக்குத் திறந்துவிடலாம்.