வீட்டுக்கு வந்த நர்ஸ்: கை மறக்கலாமா?

சென்னைக்கு வடக்கே மணலியில், கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. உள்ளே ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, கழுத்தில் பொருத்திய சிறு குழாயின் வழியே மூச்சு விட்டபடி தூங்குகிறது. பக்கத்தில் நாற்காலியில் ஓர் இளம் நர்ஸ். பட்டம் பெற்றபின் இதுவே முதல் உத்தியோகம். இப்படி ஒரு வீட்டை வாசகர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டுகிறோம்.

“ஒரே குழந்தை, அதுவும் தூங்குகிறது. இதைவிடச் சுலபமான வேலை உண்டா?” என்று அண்டை வீட்டார் கேட்கக்கூடும். சங்கடமே அங்கேதான் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்தில் வார்டு நர்ஸுக்கு ஓய்வு கிடையாது. ஆனால் அந்த ஓயாத வேலையே அவள் கைக்குப் பள்ளிக்கூடம். தடுமாறினால் ஹெட் நர்ஸ் இருக்கிறார்; கூப்பிட்டால் டாக்டர் வருவார். மணலி வீட்டிலோ மாதக்கணக்கில் ஒன்றும் நேராமல் போகலாம். நேரும் நாளில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. 108-ஐ அழைக்கத்தான் வேண்டும். ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் வண்டி வரும்வரை குழந்தையின் மூளை தாங்காது. சில நிமிஷங்களே அவகாசம்.

குழாய் ஏன் அடைக்கிறது? நாம் இழுக்கும் காற்றை மூக்கு வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. இந்தக் குழந்தைக்கு அந்தக் காவல் இல்லை. வறண்ட காற்றில் சளி கெட்டிப்படுகிறது. மணலிப் பக்கத்துத் தூசியைப் பற்றி மணலிவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, மூக்கால் மூச்சு விடுகிறவர்களே திணறி ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தது.

ஆகவே வேலைக்கு வந்ததும் நர்ஸ் முதலில் தலைமாட்டைப் பார்க்க வேண்டும். அதே அளவில் ஒரு மாற்றுக் குழாய், அதைவிடச் சிறியதாக ஒன்று. முன்னது நுழையாவிட்டால் பின்னது நுழையும். சளி உறிஞ்சும் கருவி ஓடுகிறதா? கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை இருக்கிறதா? உறிஞ்சுவது ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் போகக்கூடாது.

பிறகு பொம்மை! துணிப் பொம்மையின் கழுத்தில் துளையிட்டு, பழைய குழாய் ஒன்றைக் கழற்றி மாட்டிக் கடிகாரத்தோடு பழக வேண்டும். சிரிக்க வேண்டாம். மூச்சுக் கொடுத்துப் பழகுவதற்கென்று 1960-இல் வந்த ‘ரெஸஸி ஆன்’ பொம்மையைச் செய்தவரே நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால்தான். உயிர்காக்கும் பயிற்சி பெற்றவர்களின் திறமை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எப்போதோ ஒரு முறை நாள் முழுதும் கற்பதைவிட, அடிக்கடி பத்து நிமிஷம் பழகுவதே கையில் நிற்கிறது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வந்தபிறகு மூச்சை எண்ணும் வழக்கம் குறைந்துவிடுகிறது. கருவி காட்டும் எண் இறங்குமுன்பே மூச்சு வேகமெடுக்கலாம். சட்டையை விலக்கி ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40-ம் அதற்கு மேலும் வேகமான மூச்சு.

மருந்துக் கணக்கும் அப்படியே. பத்துக் கிலோ குழந்தைக்குக் காய்ச்சல்; டாக்டர் எழுதியது கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால், அதாவது 150. ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 6 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லிதான். புட்டி மாறி இதில் 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும்! குழந்தை வளர வளர எடையும் மாறும். போன மாதக் கணக்கு இந்த மாதம் உதவாது.

நர்ஸுகளை வீடுகளுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதம் ஒரு நாளாவது, சம்பளத்தைப் பிடிக்காமல், இவர்களைக் குழந்தைகள் வார்டில் வேலை செய்ய ஏற்பாடு செய்யலாகாதா? சொந்த விடுமுறையில் போய்க் கற்றுக்கொள் என்பது நியாயமாகாது.

அதுவரை நர்ஸுக்கு வீட்டிலேயே ஒரு மாணவி உண்டு. குழந்தையின் தாய்தான்! குழாய் மாற்றுவதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, “ஏன் சிஸ்டர் இந்தப் பக்கமாகத் திருப்பறீங்க?” என்று கேட்பாள். பதில் சொல்ல முயலும்போதுதான் தனக்கே எது மறந்துவிட்டது என்பது தெரியும். தவிர, இரவு எட்டு மணிக்கு நர்ஸ் பஸ் ஏறியபின் அந்தக் கட்டிலின் பக்கத்தில் இருக்கப்போகிறவளும் அவள்தானே?