பற்பசைப் பெட்டியில் நிறபேதம்

சாலாக் செலாத்தான் முதல் கிள்ளான் வரை உள்ள மளிகைக் கடைகளில் ‘டார்லி’ என்னும் பற்பசையை அறியாதார் இலர். 1989-ஆம் ஆண்டுக்கு முன் அதன் பெயர் ‘டார்க்கி’ என்பதை முதியோர் நினைவு வைத்திருப்பர். இளையோர் பலர் அறியார். ‘டார்க்கி’ என்பது கறுப்பின மக்களை இழித்துரைக்க வெள்ளையர் வழங்கிய வசைச்சொல். வசைச்சொல் ஒன்று பற்பசைக்குப் பெயரான வரலாறு அறியத்தக்கது.

அமெரிக்காவில் 1830-களில் ஒருவகைக் கூத்துத் தோன்றிற்று. வெள்ளை நடிகர்கள் தக்கையைச் சுட்டு, அக்கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, அடிமைகளாயிருந்த கறுப்பரைப்போல் ஆடிப்பாடி எள்ளி நகைப்பர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது, கரிவேடம் ஒழியவில்லை. 1927-இல் வெளிவந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற பேசும் படத்தில் அல் ஜோல்சன் அவ்வேடத்தில் தோன்றி உலகப் புகழ் பெற்றார். 1933-இல் ஷாங்காயில் ஹாலி அண்ட் ஹேசல் என்ற சீனக் கம்பெனி பற்பசை விற்கத் தொடங்கியபோது, ஜோல்சனின் வேடத்தைத் தழுவியே உயர்ந்த தொப்பியும் பல் தெரிந்த சிரிப்பும் உடைய கரிய முகத்தைப் பெட்டியில் பொறித்தது என்பர்.

அவ்வணிகர்க்குக் கறுப்பின மக்கள்மீது தனிப்பகை இருந்ததாகக் கருத வேண்டுவதில்லை. அம்மக்களை அவர்கள் நேரில் கண்டு பழகியிருந்தார்களோ என்பதே ஐயம். கடல் கடந்து வந்தது வேடமே, ஆள் அன்று. வணிகர் நாடியதோ ஒரு கண்கட்டு வித்தை. கரும்பலகையில் எழுதிய சுண்ணாம்பு எடுப்பாகத் தெரிவதுபோல, கரிய முகத்தில் பல் வெண்மையாகத் தெரியும். பசையின் தரத்திற்கு இதில் சான்று ஏதுமில்லை. ஒரு மனித இனம் முழுவதும் பல்லுக்குப் பின்னணித் திரையாக்கப்பட்டது, அவ்வளவே.

1985-இல் அமெரிக்கக் கால்கேட் கம்பெனி அந்நிறுவனத்தில் பாதிப் பங்கை வாங்கிற்று. செய்தி பரவியதும் அமெரிக்கக் கறுப்பின மக்களும், கிறிஸ்தவ சமய அமைப்புகளைச் சார்ந்த பங்குதாரரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1989-இல் கம்பெனி இணங்கியது. ஆங்கிலப் பெயரில் ‘க்’ ஒலிக்குரிய எழுத்து நீங்கி ‘ல்’ ஒலிக்குரியது அமர்ந்தது. முகமும் இன்ன இனத்தவர் எனச் சொல்லவியலாதபடி மாற்றி வரையப்பட்டது.

ஆயின் மலேசியரைப்போல் பல எழுத்துகளைப் படிக்கும் மக்கள் நோக்கவேண்டிய இடம் இதுவே. அதே பெட்டியில் சீன எழுத்தில் இருந்த ‘ஹெய் ரன்’ என்னும் பெயர் மாறவில்லை. அதன் பொருள் ‘கறுப்பு மனிதர்’. ஆங்கிலம் படிப்பவருக்கு ஒரு பெயர், சீனம் படிப்பவருக்கு வேறொரு பெயர் என ஒரே பெட்டி 30 ஆண்டுகளுக்கு மேல் இருநாக்கொடு பேசிற்று. எதிர்த்தவர் படிக்கும் எழுத்தில் மட்டுமே திருத்தம் நிகழ்ந்தது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்டு அமெரிக்கப் போலீசாரால் கொல்லப்பட்டு உலகெங்கும் கிளர்ச்சி எழுந்த பின்னரே கம்பெனி இதனை மறு ஆய்வு செய்தது. 2022 மார்ச்சு முதல் ‘ஹாவ் லாய்’ என்று சீனப் பெயரும் மாறிற்று.

பற்பசையிற் கருமை பின்னணி; சவர்க்காரத்திலோ அஃது அழுக்கு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பியர்ஸ் கம்பெனி, கறுப்புச் சிறுவனைத் தொட்டியில் குளிப்பாட்ட அவன் உடல் வெள்ளையாகிவிடுவதாகப் படம் வெளியிட்டது. பழங்கதை என்று இதனை ஒதுக்க இயலாது. 2017-இல் வாட்சன்ஸ் நிறுவனம் மலேசியாவில் நோன்புப் பெருநாளுக்கென வெளியிட்ட படத்தில், முகத்தில் கருமை பூசிய பெண்ணைக் கண்டு செல்வர் அருவருக்கிறார். அவள் முகம் கழுவி வெளுத்ததும் விரும்புகிறார். கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை மீட்டுக்கொண்டது. தொட்டிக் குளியலுக்கும் இதற்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கழிந்திருந்தது!

இத்தகைய படங்களால் புண்படுவோர் தொலைவில் உள்ளவர் மட்டுமல்லர். கறுத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கம் பள்ளிக்கூடங்களில் உண்டென்பது ஆசிரியர் எவரும் அறிந்ததே. கடைத்தட்டிலேயே அச்சாகி நிற்கும் ஒரு பெயரைப் பிள்ளைகள் குற்றமென்று எங்ஙனம் உணர்வர்? சூட்டுவோர் பிற இனப் பிள்ளைகள் மட்டுமா எனின், அன்று. தமிழ்ப் பிள்ளைகளே தம்முள் சிவப்பு, கறுப்பு எனப் பிரித்துக்கொள்கின்றனர். முல்லை நிலத்துக்குத் தொல்காப்பியம் கூறும் மாயோன் கருநிறத்தவன். அவனை வணங்கும் வீடுகளிலும் பெண்ணுக்கு வெளுப்புக் களிம்பு வாங்கப்படுகிறது.

அக்களிம்புகளுள் பெயர்பெற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’யை இந்துஸ்தான் லீவர் 1975-இல் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. வெளுத்த பின்னரே வேலையும் வரனும் கிட்டும் என்பதே அதன் விளம்பரக் கதைகளின் சாரம். 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றினர். களிம்பு விற்பனையில்தான் இருக்கிறது. ‘நல்ல சிவந்த நிறம்’ எனக் குறிக்கும் மணமகள் தேவை விளம்பரங்களோ எந்தக் கம்பெனியும் எழுதித் தந்தவை அல்ல.