கறுப்பிசையும் கிறிஸ்தவ விசுவாசமும்

இசைக்கருவிக்குச் சமயம் உண்டா? வன்னி நாட்டுப் பறை இக்கேள்விக்கு ஒரு விடை தருகிறது. சாவீட்டு முற்றத்தில் அது முழங்கினால் கேட்போர் நெஞ்சு கனக்கிறது. வைகாசிப் பொங்கலில் அம்மன் சந்நிதியில் அதே பறை முழங்கினால் அடியார் மெய்சிலிர்த்து ஆடுகின்றனர். தோல் ஒன்றே, கோலும் ஒன்றே. ஒலிக்கும் இடமும் ஒலிப்பவன் கருத்துமே வேறு.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்துள்ளது உடையார்கட்டு. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். அங்குள்ள இளைஞன் ஒருவன் இன்று கையடக்கத் தொலைபேசியை இயக்கினால் உலகின் எந்த மூலையில் எழும் இசையும் அவன் செவிக்கு எட்டிவிடும். அவ்வாறு எட்டும் இசைகளுள் 'பிளாக் மெற்றல்' எனப்படும் கறுப்பிசையும் ஒன்று. பேய்க்கூச்சல் என்று பெரியோர் காதைப் பொத்திக்கொள்வது இயல்பு. ஆனால் அக்கூச்சலைக்கொண்டே கிறிஸ்துவைப் போற்றிய ஓர் இசைத்தட்டு 1994ஆம் ஆண்டிலே வெளிவந்தது என்றால் நேயர் பலர் வியப்புறுவர். அதன் வரலாறு, கலையின் வடிவத்துக்கும் அதன் உயிருக்கும் உள்ள உறவைப்பற்றிச் சிந்திக்கத் தூண்டுவது.

முதலில், கறுப்பிசை என்பது யாது? மின்சாரக் கிற்றாரின் ஓசையை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, தந்தியை மேலும் கீழுமாக மிக விரைவாக ஓயாது மீட்டுவர். அதனால் தனித்தனிச் சுரங்கள் கரைந்து, மாரிகாலத்துப் பெருமழைபோல் ஓர் இடையறாத இரைச்சல் எழும். அதன் கீழே முரசு, எண்ண முடியாத வேகத்தில் அதிரும். பாடகன் பாடுவதில்லை, தொண்டை கிழியக் கதறுகிறான். ஒலிப்பதிவும் பெரும்பாலும் தெளிவற்றதாக, தொலைவிலுள்ள குகையொன்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். இது திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. குளிரையும் இருளையும் தனிமையையும் உணர்த்தக் கையாளும் முறை. கவனித்துக் கேட்பவருக்கு அந்த இரைச்சலின் உள்ளே மெல்லிய சோக இராகம் ஒன்று ஓடுவது புலப்படும்.

இவ்விசைக்குப் பெயர் தந்தது இங்கிலாந்தின் 'வெனம்' என்னும் குழு 1982இல் வெளியிட்ட இசைத்தட்டு. அவர்கள் சாத்தானின் பெயரைச் சொன்னது பெரும்பாலும் வேடிக்கைக்காகவும் பரபரப்புக்காகவுமே. சுவீடனின் 'பத்தோரி' குழு அவ்விசையை மேலும் கடுமையாக்கியது. நோர்வே நாட்டு இளைஞர் சிலரோ அந்த வேடிக்கையை மெய்யென்று கொண்டுவிட்டனர். 1984இல் தோன்றிய 'மேஹெம்' குழுவும் அதன் கிற்றார் வாசிப்பாளராகிய ஒய்ஸ்ரைன் ஆர்செத்தும் இவ்வட்டத்தின் நடுவில் இருந்தனர். அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் யூரோனிமஸ்.

1992ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி, பேர்கன் நகரருகே ஃபான்ரொஃப்ற் என்னுமிடத்தில் இருந்த மரத்தாலான பழந்தேவாலயம் எரிந்து சாம்பலாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய கட்டடம் அது. அதனைத் தொடர்ந்து வேறு பல தேவாலயங்களும் தீக்கிரையாயின. 1993 ஓகஸ்ட் 10ஆந் திகதி யூரோனிமஸ் ஒஸ்லோவில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் அதே வட்டத்தைச் சேர்ந்த வார்க் விக்கர்னஸ். கொலைக்காகவும் தேவாலயங்களை எரித்தமைக்காகவும் 1994இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாட்டில் விளையாட்டாகத் தொடங்கிய பகை, தீயாகவும் குருதியாகவும் முடிந்தது.

அந்த 1994ஆம் ஆண்டிலேயே, ஜேர்மனியின் 'நியூக்ளியர் பிளாஸ்ற்' நிறுவனம் 'ஹோர்ட்' என்னும் புதிய குழுவின் இசைத்தட்டை வெளியிட்டது. தட்டின் பெயர் 'ஹெல்லிக் உஸ்வார்ட்'. நோர்வே மொழியில் அமைந்த இத்தொடருக்குப் 'புனிதமான கருமையின்மை' என்று பொருள் கொள்ளலாம். குழு என்றாலும் அதில் இருந்தவர் ஒருவரே. கிற்றாரும் முரசும் கதறலும் எல்லாம் அவருடையவை. தட்டின் உறையில் அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'அனொனிமஸ்', அதாவது பெயரிலி. யூரோனிமஸ் என்ற பெயரோடு அது ஒலியால் ஒத்திருந்தமை கவனிக்கத்தக்கது.

இசை முழுவதும் நோர்வேக் கறுப்பிசையின் அச்சிலேயே வார்க்கப்பட்டிருந்தது. சொற்களோ முற்றிலும் மாறானவை. கறுப்பிசைக் குழுக்கள் தலைகீழாகப் பிடித்த சிலுவையை மீண்டும் நிமிர்த்தவேண்டும் என்பதே ஒரு பாட்டின் தலைப்பு. தட்டைக் கேட்ட கறுப்பிசை அன்பர் பலர் சினங்கொண்டனர். அதனைச் செய்தவர் யாரென்று கேட்டு நிறுவனத்துக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. பின்னர் பெயர் வெளியாயிற்று. அவர் ஜேசன் ஷெர்லொக். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரத்து 'மோட்டிஃபிகேஷன்' என்னும் கிறிஸ்தவக் குழுவில் முரசு வாசித்தவர். நோர்வேயின் எரிந்த தேவாலயங்களுக்கான மறுமொழி, நோர்வேயின் இசையிலேயே, உலகின் மறுகோடியிலிருந்து வந்தது எனலாம்.

இத்தட்டை எதிர்த்தவர் இருதிறத்தார். கறுப்பிசையாளர், 'இவ்விசையின் உயிரே கிறிஸ்தவ எதிர்ப்பு. அதனை நீக்கினால் எஞ்சுவது வெறுங்கூடு' என்றனர். கிறிஸ்தவருள் பலர், 'இவ்விசையின் உயிரே சாத்தான். எந்தச் சொல்லைப் பொருத்தினாலும் அது தூய்மை பெறாது' என்றனர். பகைவரான இருசாராரும் ஒரு கருத்திலே உடன்பட்டிருந்தமை விந்தையே. வடிவமும் பொருளும் பிரிக்க முடியாதவை என்பதே அக்கருத்து.

தமிழர் இவ்வழக்குக்குப் புதியவர் அல்லர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864) குறவஞ்சி என்னும் வடிவத்தைக் கையிலெடுத்தார். மலைக்குறத்தி குறிசொல்ல, தலைவி கோயிற் கடவுள்மேல் காதல்கொண்டு ஏங்குவது அதன் மரபு. சாஸ்திரியாரோ சீயோன் மகளாகிய தேவமோகினியைத் தலைவியாகவும் கிறிஸ்துவைத் தலைவனாகவும் அமைத்துப் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அதற்கும் முன்னரே வீரமாமுனிவர் தமிழ்க் காப்பிய மரபிலே தேம்பாவணியை இயற்றினார். மன்னார்க் கத்தோலிக்கர் கூத்தின் ஆட்டத்தையும் மெட்டையும் கொண்டு புனிதர் வரலாறுகளை ஆடிவந்தனர். வடிவம் ஒருவருக்கு மட்டும் எழுதிவைத்த முதுசொம் அன்று என்பதை இவை காட்டுகின்றன.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் நேர்மையாகாது. குறவஞ்சி எவரையும் வெறுக்கப் பிறந்ததன்று. அன்பின் ஏக்கத்திலே பிறந்தது. ஆதலால் அந்த ஏக்கத்தை வேறொரு தலைவனிடம் திருப்புதல் எளிதாயிற்று. கறுப்பிசை வெறுப்பைச் சூடியே வளர்ந்தது. ஹோர்ட் செய்ததும் பெரும்பாலும் அவ்வெறுப்பை மறுபுறம் திருப்பியதே. எதிரி சொன்னதை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்குபவன், எதிரி போட்ட கோட்டிலேயே நடக்கிறான். தட்டின் துணிவு பெரிது. அதன் எல்லையும் அதுவே.

அவ்வெல்லையைக் கடக்க முயன்ற குழுவொன்று நோர்வேயிலேயே இருந்தது. 'அன்ரெஸ்ரர்' என்பது அதன் பெயர். கிறிஸ்தவர்களாகிய அவர்கள் தம் இசையைத் 'துயர இசை' என்று அழைத்தனர். சாத்தானைத் திட்டுவதைக் காட்டிலும், நம்பிக்கையுள்ள மனிதனும் அனுபவிக்கும் தனிமையையும் சாவச்சத்தையும் கைவிடப்பட்ட உணர்வையும் பாடுவதே அவர்கள் நாட்டம். 1998இல் அவர்களுடைய இசைத்தட்டு ஒன்று இங்கிலாந்தில் வெளியாயிற்று. 2005இல் வெளிவந்த 'த ஃபொர்சேக்கன்' என்னும் தட்டுக்கு முரசு வாசித்தவர் ஜான் அக்செல் புளொம்பேர்க். அவர் வேறு யாருமல்லர். மேஹெம் குழுவின் முரசு வாசிப்பாளரே. தேவாலயங்கள் எரிந்த காலத்து வட்டத்தில் இருந்த கலைஞர் ஒருவர், கிறிஸ்தவரின் துயரப் பாட்டுக்குக் கோலெடுத்தார். வாதங்கள் சாதிக்காததைத் தாளம் சாதித்தது.

துயரத்தைத் தெய்வத்தின் முன் கதறிச் சொல்லும் மரபும் புதியதன்று. விவிலியத்தின் 88ஆம் சங்கீதம் ஆறுதல் மொழி எதுவுமின்றி, மூல எபிரேயத்தில் இருளைக் குறிக்கும் சொல்லோடே முடிகிறது. ஈழத்துக் கத்தோலிக்கரிடையே தபசுகாலத்தில் வியாகுல பிரசங்கம் ஒப்பாரி இராகத்தில் ஓதப்படுவதுண்டு. அதனை இயற்றியவர் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. குருமார் மறைந்து திரிந்த அந்நாளில், மகனை இழந்த தாயின் புலம்பலே மக்களின் வழிபாடாயிற்று. சாவீட்டு ஒப்பாரியைத் தேவாலயத்துக்குள் கொண்டுவருவது தகுமா என்று அன்றும் எவரேனும் முகஞ்சுளித்திருக்கக்கூடும். இன்று அதுவே பக்தியின் உச்சமாக மதிக்கப்படுகிறது.

மீண்டும் உடையார்கட்டுக்கு வருவோம். 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பில் அவ்வூரும் அடங்கியிருந்தது. அடைக்கலம் தேடி வந்து திரண்ட மக்கள்மீது அங்கும் எறிகணைகள் வீழ்ந்தன. அந்நாளில் தாயின் கையைப் பிடித்து ஓடிய குழந்தைகள் இன்று வளர்ந்த இளைஞர். அவர்களுள் ஒருவன் இரவிலே செவியில் கருவியைப் பொருத்திக்கொண்டு கதறலிசை கேட்டால், அவன் கெட்டுப்போனான் என்று தாயோ ஆசிரியரோ உடனே முடிவுகட்டுதல் ஆகாது. தானாகக் கதறமுடியாத ஒருவனுக்காக அந்தப் பாடகன் கதறுகிறானாக இருக்கலாம்.

ஆயினும் எல்லாக் கதறலும் ஒன்றன்று. துயரத்தை வெளியேற்றும் கதறல் உண்டு. அயலவன் கோவிலுக்குத் தீயிடத் தூண்டும் கதறலும் உண்டு. நோர்வே இரண்டையும் கண்டது. இரண்டுக்கும் கிற்றார் ஒன்றே, வேகமும் ஒன்றே. பிரித்தறிய வேண்டுமானால் அருகிலிருந்து கேட்கவேண்டும். பொத்திய காதுக்கு இரண்டும் வெறும் இரைச்சலே. 'இதை நிறுத்து' என்று அதட்டுவதற்கு முன், 'தம்பி, இதிலே என்ன சொல்லுகிறான்?' என்று அருகில் அமர்ந்து கேட்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அவ்விளைஞன் தன் துயரத்தையும் சேர்த்தே விடையாகச் சொல்லத் தொடங்கக்கூடும்.