நீர் போகட்டும், பச்சை நிற்கட்டும்

கண்ணெதிரே வேதியியல் – 5

சென்ற வாரம் தனிமம், சேர்மம், கலவை மூன்றையும் பிரித்துப் பார்த்தோம். இந்த வாரம் பொருள்களுக்கு நேரும் மாற்றங்களைப் பார்ப்போம். பாடப்புத்தகத்தில் இயற்பியல் மாற்றத்துக்குப் பனிக்கட்டி உருகுவதையும், வேதி மாற்றத்துக்குக் காகிதம் எரிவதையும் காட்டுவார்கள். இரண்டும் தனித்தனியே நடப்பதால் அங்கே குழப்பமே வராது. ஒரே காயில், ஒரே நேரத்தில் இரண்டும் சேர்ந்து நடந்தால்? அதைப் பார்க்க ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோருக்குத்தான் போக வேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டியதும் பூப்பாறை, சாந்தன்பாறை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. விடிகாலையில் ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்கள் பறித்துத் தரும் பச்சைக்காய், தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்து, விற்பனைக்குப் போடிக்கு இறங்குகிறது. போடியில் விலை சொல்பவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு: காயின் பருமன், அதன் பச்சை. பருமனைத் தருவது செடி. பச்சையைக் காப்பது ஸ்டோர்.

முதலில் எளிய கணக்கு. பறித்த காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். காய்ந்த காயில் அது 10 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். 100 கிலோ பச்சைக்காயில் திடப்பொருள் 20 கிலோ. அந்த 20 கிலோவோடு மிச்ச ஈரமும் சேர்ந்தால் காய்ந்த காய் 22 கிலோ சொச்சம். மீதி 78 கிலோ எங்கே போனது? அழியவில்லை, ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது. அந்த ஆவியையும் பிடித்துத் தராசில் வைக்க முடிந்தால் எடை மறுபடி 100 கிலோவே காட்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் லவாய்சியர் தராசை வைத்தே நிறுவிய பொருண்மை அழியா விதி இதுதான்.

வெளியேறிய நீரை மூலக்கூறுகளாகவும் எண்ணலாம். 18 கிராம் தண்ணீர் என்பது ஒரு மோல். ஒரு மோலில் 6.022 × 10²³ மூலக்கூறுகள் இருக்கும். 78 கிலோவை 18 கிராமால் வகுத்தால் சுமார் 4,300 மோல். இவ்வளவு மூலக்கூறுகளும் காயைவிட்டுப் போனாலும் அவற்றில் ஒன்றுகூட உடையவில்லை. இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் பிணைந்த நீர் மூலக்கூறு, காய்க்குள் இருந்தபடியே காற்றிலும் இருக்கிறது. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்பு மட்டுமே அறுந்தது. ஆகவே இது இயற்பியல் மாற்றம். இதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டியதும் இல்லை. ஏறத்தாழ 4,500 அடி உயரத்திலுள்ள போடிமெட்டில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஸ்டோரின் வெப்பமோ 50 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆவியாவதற்கு அது போதும். நேரம்தான் கூடுதலாக, 18 மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

சீக்கிரம் முடிக்கலாம் என்று அடுப்பில் இன்னும் நாலு விறகு தள்ளினால் என்ன ஆகும்? இங்கேதான் இரண்டாவது மாற்றம் தலைகாட்டுகிறது.

காயின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதன் மூலக்கூறின் நடுவே ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. நான்கு நைட்ரஜன் அணுக்கள் அதைச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. பச்சையத்தை ஆராய்ந்து மெக்னீசியத்தின் இடத்தைக் காட்டிய ஜெர்மானியர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915இல் நோபல் பரிசு கிடைத்தது. காயின் தோலில் இயல்பாகவே சிறிதளவு அமிலங்கள் உண்டு. சூடு ஏறும்போது செல்கள் சிதைய, அந்த அமிலம் பச்சையத்தைத் தொடுகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு உள்ளே நுழைய, மெக்னீசியம் வெளியேறுகிறது. அவ்வளவுதான், பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். பீன்ஸ் அதிகம் வெந்தால் நிறம் செத்துப்போவதும் இதனால்தான். இங்கே ஒரு மூலக்கூறு போய் வேறொரு மூலக்கூறு பிறந்திருக்கிறது. எனவே இது வேதி மாற்றம்.

வெப்பம் இரண்டு மாற்றங்களையும் விரைவுபடுத்தும். பல வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஸ்டோர்க்காரரின் தொழில் முழுவதும் இந்த இடுக்கில் இருக்கிறது: ஒரு மாற்றத்தை நடத்த வேண்டும், இன்னொன்றை நடக்கவிடக் கூடாது. அடுப்பின் புகையைக் குழாய் வழியே சுற்றவிட்டு வெளியேற்றி, குழாயின் சூட்டை மட்டும் அறைக்குள் விடுவதும் இந்த எச்சரிக்கையால்தான். விறகு எரிவது அடுப்போடு நிற்க வேண்டும். அந்தப் புகை காயில் ஏறக் கூடாது.

சூட்டைக் கட்டுப்படுத்துவது ஒரு வழி. அமிலத்தையே முறிப்பது இன்னொரு வழி. பறித்த காயை உலர்த்துவதற்கு முன் 2 விழுக்காடு சலவை சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைக்கும் முறை ஒன்று உண்டு. சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்தால் காரத்தன்மை தருவது. 100 லிட்டருக்கு 2 கிலோ என்று கலந்தால் கரைசலின் பி.எச். மதிப்பு 11ஐத் தாண்டும். தோலிலுள்ள அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கிவிடும். ஹைட்ரஜன் அயனி இல்லாவிட்டால் மெக்னீசியத்தை யார் வெளியே தள்ளுவது? பச்சை நிலைக்கிறது.

மணத்துக்கு வருவோம். ஏலக்காய் எண்ணெயில் பெரும்பகுதி இரண்டு சேர்மங்கள்: சினியோல், டெர்பினைல் அசிட்டேட். சினியோலில் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். நீலகிரித் தைலத்திலும் இதே சினியோல்தான் முதன்மை. சேர்மம் ஒன்றுதான், கலவை வேறு, அதனால் மணமும் வேறு. சினியோலின் கொதிநிலை 176 டிகிரி. ஆனாலும் கொதிக்காமலே ஆவியாகும் என்பதைத் தண்ணீரில் பார்த்தோமே! சூடு மிஞ்சினால் தோல் வெடித்து, விதைக்குள் இருக்கும் எண்ணெயும் பறக்கத் தொடங்கும். ஸ்டோரில் மணம் தூக்கலாக அடிக்கிறது என்றால், காயில் இருக்க வேண்டிய சரக்கு காற்றில் போகிறது என்று பொருள்.

இரண்டு மாற்றங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, காய் ஸ்டோரைவிட்டு வந்த பிறகும் தெரியும். உலர்ந்த காயைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சும்; திரும்ப உலர்த்திக்கொள்ளலாம். போன பச்சையோ எந்த ஸ்டோரிலும் திரும்பி வராது. வெளிச்சமும் பச்சையத்தைச் சிதைக்கும் என்பதால்தான் சாக்குக்குள் கறுப்பு பாலித்தீன் உறை போட்டுக் கட்டுகிறார்கள்.

பழுத்துப்போன காய்க்குச் செயற்கைச் சாயம் ஏற்றி விற்கும் முறைகேடும் உண்டு. அதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றி நாலு காயைப் போட்டு வையுங்கள். பச்சையம் நீரில் கரையாது. தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் சாயம் என்று சந்தேகிக்கலாம். சாயம் கரைகிறது, பச்சையம் ஏன் கரைவதில்லை? அடுத்த வாரம் கரைதிறனைப் பார்க்கும்போது இதற்கு விடை தேடுவோம்.

(தொடரும்)