எல்லாருக்குமான அறிவிப்புப் பலகை

பூச்சோங்கில் பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பூச்சோங் ஜெயா முதல் பூச்சோங் பெர்டானா வரை கடைவரிசை எங்கும் பளிச்சிடும் பலகைகள்தாம். ஆனால், பார்வையற்ற வாடிக்கையாளர் எது பெண்கள் கழிப்பறை, எது ஆண்கள் கழிப்பறை என்பதை எப்படி அறிவார்? சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லாத வழியை எது காட்டும்?

மாற்றுத் திறனாளிகளுக்கென 2008இல் நம் நாட்டில் 685ஆம் சட்டம் நடப்புக்கு வந்தது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் கட்டடங்களையும் சேவைகளையும் மற்றவர்களுக்கு நிகராகப் பயன்படுத்தும் உரிமையை அதன் 26ஆம் பிரிவு அவர்களுக்கு வழங்குகிறது. உணவகமும் கிளினிக்கும் துணிக்கடையும் இதில் அடங்கும். எனினும், அவ்வுரிமையை மறுப்பவருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை.

கட்டட வசதிகளைக் கட்டாயமாக்குவது 34ஏ எனப்படும் கட்டடத் துணைச் சட்டம். அறிவிப்புப் பலகைகள் எப்படி அமைய வேண்டும் என்பதை எம்.எஸ். 1184 என்னும் மலேசியத் தரம் விளக்குகிறது. கட்டட வரைபடங்களை அங்கீகரிக்கும் பொறுப்பு ஊராட்சி மன்றங்களுடையது. பூச்சோங்கின் பெரும்பகுதி சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வரைபடத்தில் சாய்தளமும் கழிப்பறையும் இருக்கும். பின்னர் கடையை வாடகைக்கு எடுப்பவரே உள்ளே பலகைகளை மாட்டுகிறார். ஆக, இவ்வுரிமை நடைமுறையில் கடைக்காரரின் அக்கறையை நம்பியே நிற்கிறது.

அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். பளபளப்பில்லாத பரப்பு நல்லது. அறைப் பெயர்கள் தடவி உணரும்படி மேடெழுந்த எழுத்திலும் பிரெய்லிலும் அமைய வேண்டும். அமெரிக்க விதி இவ்வெழுத்துகளைத் தரையிலிருந்து 1,220 முதல் 1,525 மில்லிமீட்டர் உயரத்திற்குள் வைக்கச் சொல்கிறது. கதவில் ஒட்டுவதைவிடக் கைப்பிடிப் பக்கச் சுவரில் பொருத்துவதே பாதுகாப்பு. விரலால் படித்துக்கொண்டிருப்பவர் மீது திடீரெனத் திறக்கும் கதவு மோதாது அல்லவா? காது கேளாதோருக்காக, அழைக்கப்படும் வரிசை எண் திரையிலும் தெரிய வேண்டும்.

சக்கர நாற்காலிச் சின்னத்தைப் படியில்லாத வழியில் மட்டுமே வைக்க வேண்டும். படிக்கட்டின் முன் வைத்தால், நம்பி வந்தவர் திரும்பிப் போக நேரும். பலகைகளை மாட்டியபின் பார்வையற்ற ஒருவரையே தனியாக நடந்து பார்க்கச் சொல்வது சிறந்த சோதனை. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

உலகம் முழுதும் அறிந்த அந்தச் சக்கர நாற்காலிச் சின்னத்தின் முதல் வடிவத்தை 1968இல் வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி. கட்டடக் கலையும் சட்டமும் வணிகமும் பயிலும் நம் மாணவர்கள், தங்கள் குடும்பக் கடையிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாமே!