தோல் நோய்க்குச் சீன ஊசியும் மூலிகையும்

மனிதரை வாட்டும் பிணிகளுள் தோல் நோய்க்கென்று ஒரு தனித் துயரம் உண்டு. வயிற்று வலியைப் பிறர் அறியாமல் பொறுத்துக்கொள்ளலாம். கழுத்திலும் கையிலும் படரும் கரப்பானை எங்ஙனம் மறைப்பது? இரவெல்லாம் அரிப்பினால் உறங்காத குழந்தை, பெண் பார்க்க வருவோரின் கண்ணுக்கு அஞ்சிக் கையை முந்தானைக்குள் ஒளிக்கும் மகள், கோவிலில் அருகே இருப்பவர் சற்று விலகி அமர்வதைக் கண்டு மனம் குன்றும் முதியவர் ஆகிய இவர்களது வேதனை உடலோடு நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மருந்திட்டும் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் நோய் பொறுமையைத் தின்றுவிடும். பொறுமை இழந்தவரோ, எவர் எதைச் சொன்னாலும் வாங்கித் தடவுவர்.

இத்தகையோர் நாடிச் செல்லும் வழிகளுள் ஒன்று சீன மருத்துவம். 'அக்குபங்சர்' எனப்படும் ஊசி முறையும், சீன மூலிகைக் கசாயங்களும் களிம்புகளும் இதில் அடங்கும். இவை பயன் தருமா என்பது ஒரு வினா. கத்தோலிக்கர் இவற்றை ஏற்கலாமா என்பது மற்றொரு வினா. இரண்டையும் நிதானமாக ஆராய்வோம்.

சீனர் கண்ட வழி

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் உள் நூல்' சீன மருத்துவத்தின் அடிப்படை நூலாகும். உடலில் 'சி' என்னும் உயிராற்றல் குறிப்பிட்ட தடங்களின் வழியே ஓடுகிறது என்றும், அது தடைப்படும்போது நோய் தோன்றுகிறது என்றும் அம்முறை கூறும். தோல் நோயில் காற்று, வெப்பம், ஈரம் ஆகிய மூன்றின் கேட்டினைச் சீன மருத்துவர் தேடுவர். இடம் மாறி மாறி அரித்தால் காற்று. சிவந்து எரிந்தால் வெப்பம். நீர் கசிந்தால் ஈரம். நம் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று பகுத்துப் பார்ப்பதைப் போன்றதே இதுவும். ஆகவே கரப்பான் என்னும் ஒரே நோய்க்கு இருவருக்கு இருவேறு மூலிகைகள் தரப்படலாம். அரிப்பைத் தணிக்க முழங்கை மடிப்பின் ஓரத்திலும், முழங்காலுக்குச் சற்று மேலேயும் உள்ள புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகுவர்.

இம்மருத்துவத்தை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் நம் திருச்சபையின் குருக்களும் உண்டு என்பதைப் பலர் அறியார். போலந்து நாட்டு இயேசு சபைக் குருவான மிக்கேல் போய்ம், சீனத்துத் தாவரங்களைப் பற்றிய நூலை 1656-ல் வியன்னாவில் வெளியிட்டார். சீன மருத்துவத்தைப் பற்றியும் எழுதினார். 1693-ல் சீனப் பேரரசர் காங்சி முறைக்காய்ச்சலால் வருந்தியபோது, சிங்கோனாப் பட்டையைக் கொடுத்துக் குணப்படுத்தியவர்களும் இயேசு சபையினரே. பிறரிடம் உள்ள நன்மையைக் கற்பதும், தம்மிடம் உள்ளதைக் கொடுப்பதும் அவர்களுக்கு விசுவாசக் குறைவாகத் தோன்றவில்லை.

சோதித்துப் பார்த்தபோது

இலண்டன் மாநகரில் கரப்பானால் வருந்திய சில குழந்தைகள், அங்கிருந்த சீன மருத்துவர் ஒருவரின் கசாயத்தை உண்டு தேறியதைத் தோல் மருத்துவர்கள் கண்டனர். எள்ளி நகையாடாமல் சோதித்துப் பார்க்க முற்பட்டனர். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழுவினர் 10 மூலிகைகள் அடங்கிய மருந்தை 47 குழந்தைகளுக்கு 8 வாரமும், அதே சுவையும் மணமும் உடைய போலி மருந்தை 8 வாரமும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். சோதனையை முடித்தவர்கள் 37 பேர். 1992-ல் வெளியான முடிவு, உண்மை மருந்தே மேலானது என்று காட்டியது. ஆனால் 1999-ல் ஹாங்காங்கில் நடந்த சோதனையில் அத்தகைய நன்மை காணப்படவில்லை. 2013-ல் காக்ரேன் அமைப்பினர் 28 ஆய்வுகளைத் திரட்டி நோக்கி, கரப்பானுக்குச் சீன மூலிகை பயன் தரும் என்று உறுதி கூறச் சான்று போதாது என்றனர்.

சொரியாசிஸ் நோய்க்கு, நம் அவுரியைப் போன்ற செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் நீலப் பொடியைச் சீனர் பயன்படுத்துவர். 2008-ல் தைவான் நாட்டு மருத்துவர்கள் அதனைக் களிம்பாக்கி 42 நோயாளிகளிடம் சோதித்தபோது, வெறுங் களிம்பிட்ட இடத்தைக் காட்டிலும் மருந்திட்ட இடம் தெளிவாகத் தேறியது.

ஊசி முறையிலும் அரிப்புச் சற்றுத் தணிவதை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் 30 கரப்பான் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-ல் காட்டியது. 2023-ல் சீனாவிலேயே, நாட்பட்ட தோல் தடிப்பினால் வருந்திய 330 பேரிடம் நடந்த ஆய்வில், போலி ஊசியைவிட உண்மை ஊசி மேம்பட்டிருந்தபோதும், அவ்வேறுபாடு நோயாளி உணர்ந்து பயன்பெறும் அளவுக்குப் பெரிதாக இல்லை. சுருங்கக் கூறின், முற்றிலும் பொய் என்று தள்ளவும் இயலாது. கைகண்ட மருந்து என்று கொள்ளவும் இயலாது.

'மூலிகைதானே, தீங்கு என்ன?'

இக்கேள்வியே ஆபத்தின் வாயில். இலண்டனில் தோல் நோயாளிகள் பயன்படுத்திய 11 சீன 'மூலிகை'க் களிம்புகளை மருத்துவர்கள் பகுத்தாராய்ந்து, முடிவை 1999-ல் வெளியிட்டனர். அவற்றுள் 8 களிம்புகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருந்தது! மூலிகையின் மகிமை என்று மக்கள் வியந்தது உண்மையில் ஆங்கில மருந்தின் வேலை. மென்மையான முகத்தில் இதனை நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து கெடும். நம் ஊரிலும், படர்தாமரைக்கு மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு களிம்பை வாங்கித் தடவுவோருக்கு முதலில் அரிப்பு அடங்கும். பின்னர் நோய் முன்னிலும் பரவும்.

அதே 1999-ல் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. இங்கிலாந்தில் கரப்பானுக்காகச் சீன மூலிகைத் தேநீர் பருகி வந்த இருவர் சிறுநீரகங்களை முற்றிலும் இழந்தனர். அரிஸ்டோலோக்கியா இனச் செடியிலுள்ள நஞ்சே காரணம். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் இதே இனத்தைச் சேர்ந்தவை என்பதை மறவாதீர்கள். ஊசியிலும் அபாயம் உண்டு. 1984-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், அக்குபங்சர் மருத்துவர் ஒருவரிடம் ஊசி குத்திக்கொண்டவர்களுள் 35 பேருக்கு ஹெப்படைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய் தொற்றியது.

விசுவாசியின் நிலை

இனி இரண்டாம் வினா. 2003-ல் திருப்பீடத்தின் இரு அவைகள் 'புது யுகம்' என்னும் போக்கைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டன. அப்போக்குடன் சேர்த்து விளம்பரப்படுத்தப்படும் முறைகளின் பட்டியலில் அக்குபங்சரின் பெயரும் உள்ளது. இதைக் கேள்வியுற்றுச் சிலர் அஞ்சுகின்றனர். ஊசி குத்திக்கொள்வது பாவம் என்று அந்த ஏடு கூறவில்லை. உடலின் வலியைத் தணிக்கும் கருவியாக ஊசியை ஏற்பதில் தவறில்லை. ஆனால் 'சி' என்னும் ஆற்றலையே கடவுளாக்கி, அதனோடு ஒன்றாவதே மீட்பு என்று போதிப்பவரிடம் நம் ஆன்மாவை ஒப்படைக்கலாகாது.

சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தை இல்லத்தில் ஒருமுறை வாசியுங்கள். மருத்துவரை மதிக்கவும், நிலம் தரும் மருந்தைப் புறக்கணியாதிருக்கவும், அதனோடு செபிக்கவும் அது கற்பிக்கிறது. செபம் மருந்தை விலக்குவதில்லை. மருந்தும் செபத்தை விலக்குவதில்லை. ஆனால் மதிப்பது வேறு, கண்மூடி நம்புவது வேறு.

ஆகவே பெற்றோர்களே, முதலில் தகுதி பெற்ற தோல் மருத்துவரிடம் காட்டி நோயின் பெயரை அறியுங்கள். வெளிறிய அல்லது சிவந்த படையில் உணர்ச்சி இல்லையெனில் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு முழுமையாகக் குணமளிக்கும் கூட்டு மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. வேறு வைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் கை கால்களின் நரம்புக்கு இழப்பாகும். அடுத்து, பெயரும் கூறும் எழுதப்படாத களிம்பையோ பொடியையோ, எந்நாட்டதாயினும், வாங்காதீர்கள். ஊசி முறையை நாடினால், புதிய ஊசியை உங்கள் கண்முன் உறையிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். உண்டுவரும் மருந்தை மருத்துவரிடம் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

இவற்றினும் மேலான மருந்து ஒன்று நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. கரப்பானும் சொரியாசிசும் தொட்டால் ஒட்டுவன அல்ல. நம் ஆண்டவர் தொழுநோயாளரைத் தொட்டே குணப்படுத்தினார். தோல் நோயுற்ற அயலாரின் அருகில் அமர்வதும், அவர் கையைப் பற்றி நலம் விசாரிப்பதும் எந்த மருந்தாலும் ஆறாத புண்ணை ஆற்றும். அடுத்த ஞாயிறன்று கோவிலில் அத்தகைய ஒருவர் தனித்து அமர்ந்திருக்கக் கண்டால், அவர் அருகே சென்று அமருங்கள்.