பட்ஜெட்டில் ட்ரம்ஸ் வாங்கப் போறீங்களா? பளபளப்பை விடுங்க... பெடலைப் பாருங்க!

திருச்சியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சிவப்பு ட்ரம் செட் பத்து வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அண்ணன் பிளஸ் ஒன் படித்தபோது அப்பா வாங்கிக்கொடுத்தது. புத்தம் புதுசு, கண்ணைப் பறிக்கும் நிறம், கடையில் இருந்ததிலேயே விலை குறைவு. மூன்றாவது மாதம் கால் பெடலின் திருகில் மரை தேய்ந்துபோனது. ஸ்டூல் ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது. ஆறாவது மாதம் அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. "எல்லாம் நாலு நாள் ஆர்வம்தான்னு அப்பவே சொன்னேன்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அண்ணன் எதைக் கேட்டாலும், "இதுவும் ட்ரம்ஸ் கதையா ஆயிடாதே?" என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி.

இந்த வருஷம் அம்பத்தூர் சித்தப்பாவின் மகள் ட்ரம்ஸ் கேட்டாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு வருஷமாக கிளாஸுக்குப் போகிறாள், வீட்டில் தலையணையைத் தட்டித்தான் பயிற்சி. சித்தி சீட்டு எடுத்த 45,000 ரூபாய் தயாராக இருந்தது. "நீதான் பத்திரிகையில இருக்கியே, நல்லா விசாரிச்சுச் சொல்லுப்பா. இன்னொரு தடவை பரணுக்குப் போற மாதிரி ஆயிடக் கூடாது" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார் சித்தப்பா.

மெல்லிசைக் குழுவில் பல வருஷம் வாசித்த, தங்கச்சியின் ட்ரம்ஸ் மாஸ்டரையே துணைக்கு அழைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். அதில் தெரிந்துகொண்டதை, உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி ட்ரம்மர் இருந்தால் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

எத்தனை 'பீஸ்' வேண்டும்?

ட்ரம்ஸ் சிவமணியை மேடையில் பார்த்த பிள்ளைகளுக்கு, சுற்றிலும் இருபது முப்பது வாத்தியம் இருந்தால்தான் ட்ரம்ஸ் என்ற எண்ணம் வந்துவிடும். ஆரம்பத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. கடையில் 'ஃபைவ் பீஸ்' என்று சொன்னால், காலால் அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம், மடிக்கு நேராக இருக்கும் ஸ்நேர், மேலே இரண்டு டாம், தரையில் நிற்கும் ஒரு ஃப்ளோர் டாம் என ஐந்து. இந்த எண்ணிக்கையில் சிம்பல் சேராது. பலரும் ஏமாறும் முதல் இடம் இதுதான். விளம்பரப் படத்தில் தட்டுகள் தகதகவென்று தொங்கும். பெட்டியைப் பிரித்தால் ட்ரம் மட்டும்தான் இருக்கும். 'ஷெல் பேக்' என்று போட்டிருந்தால் சிம்பல் வராது, ஸ்டாண்டு, பெடலும் பெரும்பாலும் வராது. பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை பில் போடும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் இடித்தால் ஒரு டாமைக் குறைத்து நான்கு பீஸ் வாங்கலாம். தவறே இல்லை. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1964-ல் அமெரிக்காவையே ஆட்டிவைத்தபோது அவர் முன்னால் இருந்தது நான்கு பீஸ் லுட்விக் செட்தான்.

அளவில் இரண்டு வகை அதிகம் கிடைக்கின்றன. பேஸ் ட்ரம் 22 அங்குலம் இருப்பது ஒன்று, 20 அங்குலம் இருப்பது இன்னொன்று. சின்ன அறை, உயரம் குறைந்த பிள்ளை என்றால் 20 வசதி. டாம்களைத் தாழ்வாக வைக்க முடியும், கை தூக்கித் தூக்கித் தோள் வலிக்காது. ஸ்நேர் எதிலும் பெரும்பாலும் 14 அங்குலம்தான்.

ஹார்டுவேர் என்றால் ஆணி, தாழ்ப்பாள் இல்லை!

"ஹார்டுவேரும் பார்க்கணும்" என்று மாஸ்டர் சொன்னபோது, "அது நம்ம தெருமுனைக் கடையிலேயே கிடைக்குமே" என்றார் சித்தப்பா. சிரித்து முடித்த பிறகு மாஸ்டர் விளக்கினார். ஸ்டாண்டுகள், கால் பெடல், உட்காரும் ஸ்டூல், இவை மூன்றும்தான் ட்ரம்ஸ் உலகில் ஹார்டுவேர். வாங்குபவர்கள் கடைசியாகப் பார்ப்பதும், வாசிப்பவரை முதலில் கைவிடுவதும் இவைதான்.

பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் 1909-ல் தொழில் தொடங்கியதே கால் பெடல் செய்துதான். இரண்டு மூன்று பேர் நின்று அடித்த வாத்தியங்களை ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க முடிந்ததில் அந்தப் பெடலுக்குப் பெரிய பங்கு உண்டு. பெடல் மக்கர் செய்தால் கால் தாளம் பிந்தும். பழகிய கை என்றால், கோளாறு பெடலில் என்று கண்டுபிடித்துவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளையோ, 'எனக்குத்தான் வரல' என்று நினைத்துக்கொள்ளும்.

இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் அந்த மூன்றாவது மாதத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதேதான். "எனக்குக் கால் வரலப்பா."

கடையில் பெடலைக் காலால் அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடக் கூடாது. கீச் சத்தம் வரக் கூடாது. ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தொடர்ந்து மிதித்துப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஸ்டூலுக்கு ஆங்கிலத்தில் 'சிம்மாசனம்' என்றே பெயர். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியே போதும் என்று விட்டுவிடாதீர்கள். உயரம் மாற்ற முடிய வேண்டும். உட்கார்ந்தால் தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருக்க வேண்டும். வளரும் பிள்ளையின் முதுகு இதில்தான் இருக்கிறது.

ஸ்டாண்டுகளின் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு காலிலும் ஒற்றைப் பட்டை இருந்தால் எடை குறைவு, தூக்கிக்கொண்டு போக வசதி. இரட்டைப் பட்டை இருந்தால் பலமாக அடித்தாலும் அசையாமல் நிற்கும். ஒரே இடத்தில் வைத்துப் பழகும் வீட்டுக்கு இரட்டைப் பட்டை நல்லது. எல்லாத் திருகுகளையும் இறுக்கித் தளர்த்திப் பாருங்கள். மரை வழுக்கினால் அந்த ஸ்டாண்டு வேண்டாம்.

பித்தளையா... வெண்கலமா?

'வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி' என்று சொல்வோம் இல்லையா? சிம்பல் வாங்கும்போது அந்த வெண்கலம்தான் முக்கியம். மிக மலிவான செட்டுகளோடு வரும் தட்டுகள் பெரும்பாலும் பித்தளை. அடித்தால் தட்டுமுட்டுச் சாமான் சத்தம்தான், சீக்கிரம் வளைந்தும் போகும். அடுத்த படி 'பி8'. செம்போடு 8 சதவிகிதம் ஈயம் சேர்த்த வெண்கலம் இது, சமையல் பாத்திரத்துக்குப் பூசுவோமே, அந்த வெள்ளீயம். அதற்கும் மேலே 'பி20'. 20 சதவிகிதம் வெள்ளீயம், கிட்டத்தட்ட மணி வார்க்கும் வெண்கலம். விலையும் அதற்கேற்ப ஏறும். 1623-ல் இஸ்தான்புல்லில் தொடங்கி இன்று அமெரிக்காவில் இயங்கும் ஸில்ஜான் முதல் சேபியன், பைஸ்டே, மைனல் வரை பல கம்பெனிகள் மலிவு வரிசையும் வைத்திருக்கின்றன, உயர் வரிசையும் வைத்திருக்கின்றன. அதனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், எந்த உலோகம் என்று கேளுங்கள்.

முதலில் தேவைப்படுவது ஹை-ஹாட் ஜோடி. கால் வைத்து மூடித் திறக்கும் அந்த இரண்டு தட்டுகளில்தான் முக்கால்வாசித் தாளம் ஓடும். கையில் காசு குறைவு என்றால் ஹை-ஹாட்டை நல்லதாக வாங்கி, கூடவே 'க்ராஷ்-ரைடு' என்ற இருபயன் தட்டு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். தனித்தனி க்ராஷும் ரைடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் நல்லதா?

பைக் வாங்கும்போது மெக்கானிக்கை அழைத்துப் போகிற மாதிரி, வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போனால் மிக நல்லது. புதிய மலிவு செட்டைவிட, பேர் பெற்ற கம்பெனியின் ஆரம்ப நிலைப் பழைய செட் பெரும்பாலும் மேல். மரக்கூடு அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுவதெல்லாம் மாற்றக்கூடிய உதிரிகள்தான்.

மாஸ்டர் சோதித்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு டாமின் தோலைக் கழற்றினார். கூட்டின் குறுக்களவை நாலு திசையில் டேப்பால் அளந்தார், நான்கும் ஒன்றாக இருந்தால் கூடு கோணவில்லை. பிறகு அதைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து, உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டார். விளிம்பில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் சமமாக இல்லை, சுருதி சரியாக நிற்காது.

சிம்பலில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, ஓரத்தில் மயிரிழை விரிசல். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். விரிசல் விட்ட தட்டு எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம், அது வளர்ந்துகொண்டேதான் போகும். இரண்டு, நடு ஓட்டை. அது வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் போல நீண்டிருந்தால், ஸ்டாண்டில் பிளாஸ்டிக் உறை போடாமல் வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் வாங்கிய பிறகும் அந்த உறையும் ஃபெல்ட் வளையமும் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில ரூபாய் உறை, பல ஆயிரம் ரூபாய் தட்டைக் காப்பாற்றும்.

தோலை மாற்று... குரல் மாறும்

மிருதங்கத்தில் இன்றும் நிஜத் தோல். ட்ரம்ஸிலும் ஒருகாலத்தில் கன்றுத் தோல்தான் இருந்தது, மழை வந்தால் தொய்ந்துவிடும். 1950-களில் பாலியஸ்டர் தகடு வந்தது. ரெமோ பெல்லி என்ற ட்ரம்மர் 1957-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ரெமோ' கம்பெனிதான் அதைப் பரவலாக்கியதில் முக்கியமானது. நாம் இன்னும் வாய்ப்பழக்கத்தில் 'தோல்' என்கிறோம்.

பாப்லர், பாஸ்வுட், பிர்ச், மேப்பிள் என்று மரப் பெயர்களைச் சொல்லிக் கடைக்காரர் விலையை ஏற்றுவார். மரத்தில் வித்தியாசம் உண்டுதான். ஆனால் தேய்ந்த தோலோடு இருக்கும் மேப்பிளைவிட, புதுத் தோல் போட்டு ஒழுங்காகச் சுருதி கூட்டிய பாப்லர் நன்றாகக் கேட்கும். சுருதி கூட்டும்போது திருகுகளை வட்டமாக வரிசையில் முறுக்காதீர்கள். கார் டயர் நட்டு போல எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

அபார்ட்மென்ட்வாசிகள் எலெக்ட்ரானிக் செட்டை யோசிக்கலாம். ஹெட்போனில் வாசிக்கலாம், சிம்பல் தனியாகத் தேட வேண்டாம். வலைத் தோல் போட்டதாகப் பாருங்கள், ரப்பர் தட்டைவிட அடி இயல்பாக எழும்பும். ஆனால் சத்தமே இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். கால் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். தடிமனான மேட் அவசியம்.

சித்தப்பாவுக்குத் தரைத்தளத்தில் தனி வீடு என்பதால் சாதாரண செட்டே முடிவானது. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. ட்ரம்ஸோ அடிப்பவர் காதருகே 100-ஐத் தாண்டும். எனவே சித்தி முதலில் செய்த காரியம், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய் நேரம் கேட்டது. "சீரியலுக்கு முன்னாடி முடிச்சுக்கோங்கடி" என்றார் பாட்டி. மாலை ஐந்து முதல் ஆறு என்று ஒப்பந்தம்.

அடிக்கிற பிள்ளையின் காதும் முக்கியம். ஒரு நாளில் 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரமும், 100 டெசிபலை 15 நிமிடமும் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷின் வரையறை. காது மூடி இல்லாமல் உட்கார விடாதீர்கள்.

45,000 எப்படிப் பிரிந்தது?

பல மாலைகள் அலைந்த பிறகு எங்கள் கணக்கு இது.

* ஸ்டாண்டுகளோடு பழைய ஐந்து பீஸ் செட்: 20,000
* பழைய பி8 ஹை-ஹாட், க்ராஷ்-ரைடு: 11,000
* புதுப் பெடல்: 5,500
* புது ஸ்டூல்: 3,500
* ஸ்நேர், பேஸ் ட்ரம்முக்குப் புதுத் தோல்: 3,500
* குச்சிகள், காது மூடி, ட்ரம் கீ: 1,500

கீழே விரிக்கப் பழைய ஜமுக்காளம் வீட்டிலேயே இருந்தது. உங்கள் ஊரில் விலை கூடலாம், குறையலாம். கவனிக்க வேண்டியது பங்கீட்டைத்தான். மொத்தப் பணத்தில் பாதிகூட ட்ரம்முக்குப் போகவில்லை. செட்டின் கறுப்பு நிறத்தில் நாலைந்து கீறல்கள் உண்டு. அது வாசிப்பவருக்குத் தெரியாது.

செட்டைப் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அம்பத்தூர் வந்திருந்தான். தங்கச்சி அரை மணி நேரம் வாசித்துவிட்டு, "அண்ணா, நீயும் வாசிப்பியாமே?" என்று எழுந்து இடம் கொடுத்தாள். அண்ணன் ஸ்டூலைக் கொஞ்சம் இறக்கி உட்கார்ந்தான். பெடலை ஒருமுறை மிதித்தான். மறுபடி மிதித்தான். கால் தாளம் தப்பாமல் ஓடியது.

வாசலில் நின்ற அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பரண்ல இருக்கே... அதுக்கு இந்த மாதிரி பெடல் மட்டும் தனியா கிடைக்குமாடா?" என்று கேட்டார்.

கிடைக்கும் அப்பா. 5,500 ரூபாய்தான்.